பறவைகள் சார்பில் பதினோரு கோரிக்கைகள்

பறவைகளை வீட்டைவிட்டு வெளியேற்றியே தீருவது என்ற தீர்மானம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். நாய்கள் இரண்டும் வந்திருந்தன. ஆனால் நடுநிலை வகித்தன. ஒன்று தூங்கியது. மற்றது தன் வாலைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் பெயர் ஹென்றி. பிறந்தது மணப்பாட்டுக் கடற்கரை. வாழ்வது முக்கூடல். பள்ளிக்கூடத்தில் படித்தது ஒன்பதாம் வகுப்பு. மற்றதெல்லாம் துண்டுப் பிரசுரங்களில் படித்தது. இந்த ஊர் பீடித் தொழிலாளர் சங்கத்துக்கு முப்பத்தெட்டு வருஷம் நான்தான் தொண்டை. மைக் இல்லாமல் நான் பேசினால் தாமிரபரணிக்கு அந்தக் கரையில் குளிக்கிறவர்கள் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அது அந்தக் காலம். இப்போதும் சங்கக் கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வருகிறது. மேடையில் நாற்காலி வருகிறது. கழுத்துக்குச் சால்வை வருகிறது. மைக் மட்டும் வருவதில்லை. மைக் இப்போது சுடலைராஜ் கையில் இருக்கிறது. ஒரு காலத்தில் நான் சுவரொட்டியைப் பிடிக்க, பசை வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவன். இன்று செயலாளர். பேசும்போது ஒரு கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொள்கிறான். கையைப் பையில் விட்டுக்கொண்டு வர்க்கப் போராட்டம் பேசுகிறவனை நான் கேள்விப்பட்டதே இல்லை. கைதட்டல் மட்டும் எனக்குக் கிடைத்ததைவிட ஜாஸ்தி.

ஆகவே எனக்கென்று மிஞ்சிய பொதுக்கூட்டம் என் மனைவி ஃபிளோரா ஒருத்திதான்.

அவளும் பீடி சுற்றியவள். தினமும் மாலை ஐந்து மணிக்கு மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவாள். நான் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு முப்பத்து மூன்று நாள் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசுவேன். அவள் கை இரண்டும் இலையிலும் தூளிலும் இருக்கும். எழுந்து போக முடியாது. காது மட்டும் சும்மா இருக்கும். ஒரு பேச்சாளனுக்கு இதைவிட நல்ல கூட்டம் எந்த மாநாட்டிலும் அமையாது.

இரண்டு வருஷத்துக்கு முன் இருமல் வந்து அவள் பீடி சுற்றுவதை நிறுத்தினாள். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இதுவரை காது மட்டும் என்னுடையது. இனிமேல் கையும் காதும் சேர்ந்து என்னுடையவை என்று கணக்குப் போட்டேன்.

அந்தக் கையையும் காதையும் ஹபீப் முகம்மது தூக்கிக்கொண்டுபோய் ஒரு கூண்டில் வைத்தார்.

ஹபீப் பக்கத்து வீட்டுக்காரர். சவூதியில், தம்மாமில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். மொட்டை மாடி முழுக்கப் பறவை வளர்க்கிறார். வெள்ளைச் சட்டை, லேசான அத்தர், நல்ல பல்வரிசை. மெதுவாகப் பேசுவார். எவ்வளவு மெதுவாக என்றால் கேட்க வேண்டியவர் கொஞ்சம் குனிய வேண்டும். ஃபிளோரா குனிகிறாள். என் பேச்சுக்கு இதுவரை யாரும் குனிந்ததில்லை. காதைப் பொத்தியிருக்கிறார்கள்.

அவர் மனைவி ஜமீலா பீவிக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தபோது ஃபிளோரா பன்னிரண்டு நாள் சோறு ஆக்கிக் கொடுத்தாள். அந்த நன்றிக்கு அவர்கள் காக்டெய்ல் என்கிற கொண்டை வைத்த சின்னக் கிளி ஜாதியில் ஒரு ஜோடியைக் கூண்டோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நன்றியுள்ளவராக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு தேங்காய் கொடுத்திருக்கலாம். இரண்டு தேங்காய்கூடக் கொடுத்திருக்கலாம்.

ஆண் பறவைக்குத் தலையில் மஞ்சள் கொண்டை. கன்னத்தில் செம்மஞ்சள் வட்டம், நாடகத்தில் கிருஷ்ணன் வேஷக்காரனுக்குப் பூசினதுபோல. அதற்கு ஃபிளோரா ‘துரை’ என்று பெயர் வைத்தாள். பெண்ணுக்கு ‘ராணி’. முப்பத்தெட்டு வருஷமாக எந்த இரண்டு வார்த்தைகளை ஒழிக்க நான் சிறைக்குப் போனேனோ, அந்த இரண்டும் என் வீட்டு ஹாலில் தினை தின்றுகொண்டிருந்தன.

ஃபிளோரா அடுக்களையிலிருந்து வெளியே வந்தால் போதும், துரை கொண்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு சீட்டி அடிக்கும். உடனே அவள் முகம் மலரும். அவள் வெளியே வரும்போது நானும் ஒரு நாள் சீட்டி அடித்துப் பார்த்தேன். குக்கரில் பால் வைத்திருக்கிறோமா என்று கேட்டுக்கொண்டே திரும்பி உள்ளே போய்விட்டாள்.

மாலை ஐந்து மணி இப்போது துரையின் மணி. கூண்டைத் திறந்துவிடுவாள். அது அவள் தோளில் ஏறி, காதோரம் முடியைக் கோதிக்கொண்டு உட்காரும். நான் வேலைநிறுத்தத்தின் பதினேழாவது நாளுக்கு வந்திருப்பேன். போலீஸ் வேன் வந்து நின்றிருக்கும். அந்த இடத்தில் குரலை உயர்த்தியே ஆக வேண்டும். “பைய பேசுங்க, துரை மிரளுது” என்பாள். போலீஸே மிரண்ட குரல் அது என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்வேன்.

மஸ்கட்டிலிருந்து எங்கள் மகன் கெவின் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் வருவான். போன வாரம் அவன் என்னிடம் பேசிய மொத்த வாசகம் இது: “அப்பா, கொஞ்சம் தள்ளுங்க, துரை தெரியல.”

பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு தலைவன் ஒரு பறவையைப் பார்த்துப் பொறாமைப்பட மாட்டான். அது என் நாற்காலியில் உட்கார்ந்தால் அது வேறு. அது இரண்டு முறை உட்கார்ந்தது.

எனக்கு என் நாய்கள் இருந்தன. இரண்டும் நாட்டு நாய்கள். கடைசி வேலைநிறுத்தப் பந்தலில் எங்களோடு பட்டினி கிடந்த ஒரு பெட்டையின் குட்டிகள். ஒன்றின் பெயர் தர்ணா. எதற்கு முன்னாலும் உட்கார்ந்துவிட்டால் எழுப்ப முடியாது. மற்றதன் பெயர் மறியல். எந்த வாசலாக இருந்தாலும் குறுக்கே படுக்கும். கொள்கையில் வளர்ந்த நாய்கள். ஆனால் ஃபிளோரா தினமும் மீன் தலையைச் சோற்றில் பிசைந்து வைப்பதால் கொள்கை கொஞ்சம் தளர்ந்து, அவள் காலடியிலேயே கிடக்கும்.

பறவை வந்த நாளிலிருந்து தர்ணா கூண்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது. பார்வையை எடுக்கவில்லை. கூண்டு ஹாலில் உயரமாகக் கொக்கியில் தொங்கியதால் ஒன்றும் ஆகவில்லை. போன மாதம் ஒரு காலை, தண்ணீர் மாற்றுவதற்காக ஃபிளோரா கூண்டைத் தரையில் இறக்கிவைத்தாள். இறக்கி ஒரு நிமிஷம் இருக்காது. தர்ணா வந்தது. துரையின் வால் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தர்ணா கடிக்கவில்லை. ஒரே ஒரு நக்கு நக்கியது, ருசி பார்க்கிற மாதிரி. உள்ளே இரண்டும் சிறகை அடித்துக்கொண்டு கம்பியில் மோத, ஃபிளோரா கூண்டைத் தூக்கிக்கொண்டு ஓட, வாசலில் குறுக்கே படுத்திருந்த மறியலில் தடுக்கி, கூண்டும் கையுமாக ஹபீப் வீட்டுப் படிக்கட்டில்தான் போய் நின்றாள். எந்த ஆபத்திலும் அவள் ஓட வேண்டிய இடம் என் பக்கம். நான் அங்கேயே, நாற்காலியில், தயாராகத்தான் இருந்தேன்.

துரைக்கு இரண்டு இறகு போனது. வேறு ஒன்றுமில்லை. ஹபீப் அதை ஒரு துணியில் பிடித்து, புரட்டி, துடைத்துப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்து விளக்கினார். நாய் இருக்கிற வீட்டில் பறவையைக் காப்பது தனி வேலை என்றார். தனி அறை வேண்டும். ஒன்று திறந்தால் மற்றொன்று மூடியிருக்கும்படி இரண்டு கதவு வேண்டும். பறவை வெளியே பறக்கும்போது மேலே விசிறி சுற்றக் கூடாது. புகை ஆகாது. திடீர்ச் சத்தத்தில் மிரண்டே சிலது செத்துப்போகும். நாய் கடிக்க வேண்டும் என்றில்லை. பல் பட வேண்டும் என்றுகூட இல்லை. எச்சில் பட்டாலே காய்ச்சல் கண்டுவிடும். வழக்கத்துக்கு மாறாக அன்று எனக்கும் கேட்கிற குரலில் பேசினார்.

“நாய் எச்சில் என் மேல பட்டா எங்க மார்க்கப்படி நான் ஏழு தடவை கழுவணும், அண்ணாச்சி,” என்றார் என்னைப் பார்த்து. “இது மேல பட்டா கழுவ அவகாசமே இருக்காது.”

அன்றே வீட்டில் தொழில் தகராறு ஆரம்பித்தது. நாய்களைக் கொல்லையில் கட்டிப்போடுங்கள் என்றாள் ஃபிளோரா. நான் மறுத்தேன். நாய்கள் ஒன்பது வருஷ சர்வீஸ். பறவைகள் நான்கு மாதம். ஆட்குறைப்பு என்று வந்தால் கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். இது சட்டம். எந்தக் கோர்ட்டுக்கு வேண்டுமானாலும் போகலாம் என்றேன்.

“கடைசியில சேர்ந்தவங்கதான் போகணுமா?” என்று கேட்டாள்.

“சட்டம் அப்படித்தான் சொல்லுது.”

“இந்த வீடு பீடித் தொழிலாளி வீட்டுத் திட்டத்துல வந்தது. பட்டா என் பேர்ல. பால் காய்ச்சுன அன்னைக்கு நீங்க பாளையங்கோட்டை ஜெயில்ல இருந்தீங்க. பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் வந்து சேர்ந்தீங்க. யாரு போகணும்னு நீங்களே சொல்லுங்க.”

சட்டத்தின் பக்கம் நான் அதற்குப் பிறகு போகவில்லை.

ஒரு மாதம் இப்படியே இழுத்தது. கூண்டு மேலே, தர்ணா கீழே, நடுவில் நான். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மாலை ஐந்து மணி எனக்குத் திரும்ப வேண்டும். துரை ஹபீபின் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். யாரும் சாகக் கூடாது. நான் கொலைகாரன் இல்லை. கௌரவமான இடமாற்றம், அவ்வளவுதான்.

அதற்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தீர்மானம்.

எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ஒரு நிர்வாகத்தை மூடவைக்க வேண்டுமானால் கல்லை எறியக் கூடாது. கோரிக்கை வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமாக இருக்க வேண்டும். ஒன்றைக்கூடத் தப்பென்று சொல்ல முடியக் கூடாது. ஆனால் எல்லாம் சேர்ந்தால் நடக்கக் கூடாது. நிர்வாகம் தானே கையை விரிக்கும். பழி நிர்வாகத்தின் மேல். தலைவன் கை சுத்தம்.

மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். ஹபீப் சொன்ன ஒவ்வொன்றையும் முறுக்கிக் கோரிக்கையாக்கினேன். தலைப்பு: ‘பாதுகாப்பற்ற சூழலில் வாழும் பறவைகள் சார்பில்’. மொத்தம் பதினொன்று. தனி அறை. இரட்டைக் கதவு, எங்கள் வீட்டில் இரட்டைக் கதவுள்ள அறையே கிடையாது. மின்விசிறி கூடாது, முக்கூடல் வெயிலில் விசிறி இல்லாமல் எவளும் பறவையோடு உட்கார மாட்டாள். ஐந்தாவது, அறையில் பேருரை, முழக்கம் முதலிய உரத்த ஓசை எதுவும் கூடாது. ஏழாவது, புகையிலைப் புகை கூடாது. இந்த இரண்டையும் எழுதும்போது எனக்கே பெருமையாக இருந்தது. நான் உரக்கப் பேசுகிறவன். நான் பீடி குடிக்கிறவன். நான் இருக்கும்வரை இந்த வீட்டில் அந்த இரண்டும் நடக்காது. அதாவது பறவைகளுக்கு இந்த வீட்டில் இருக்கிற மிகப் பெரிய ஆபத்து நான்தான் என்று நானே என் கையால் எழுதி நிரூபித்திருந்தேன். இந்த வாதத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அப்போது படவில்லை.

ஒன்பதாவது, பறவைகள் கூண்டுக்கு வெளியே இருக்கும் நேரம் முழுதும் பொறுப்பான ஒருவர் அறை வாசலில் நின்று நாய்களைத் தடுக்க வேண்டும். பத்தாவது, பறவைகளைக் காரணம் காட்டி நாய்களைக் கட்டிப்போடக் கூடாது. பதினொன்றாவது, மேற்கண்டவற்றில் ஒன்று நிறைவேறாவிட்டாலும் பறவைகளை முன்னாள் உரிமையாளரிடம் உரிய மரியாதையோடு ஒப்படைக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு ஃபிளோராவிடம் வாசித்தேன். துரை தோளில் இருந்தது. அதுவும் கேட்டது. பல மாதங்களுக்குப் பிறகு ஃபிளோரா என் முகத்தைப் பார்த்து ஒரு முழு உரையையும் கேட்டாள். நடுவில் ஒரு இடத்தில் கண் கலங்கினதுபோலக்கூட இருந்தது.

“நல்லா எழுதியிருக்கீங்க,” என்றாள். “ரெண்டு நாள் அவகாசம் குடுங்க. யோசிச்சுச் சொல்லுதேன்.”

அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்ட சாப்பாட்டில் தனி ருசி இருந்தது. நிர்வாகம் அவகாசம் கேட்டால் நிர்வாகம் ஆடுகிறது என்று அர்த்தம்.

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குப் பேச்சுவார்த்தை. மூன்றாம் தரப்பாக ஹபீபை அழைத்திருந்தாள். முத்தரப்புப் பேச்சுவார்த்தை என்பது என் கோட்பாடு. அதனால் மறுக்க முடியவில்லை. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் கால் இரண்டையும் மேலே தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே தர்ணா.

ஃபிளோரா மூக்குக் கண்ணாடியை மாட்டினாள். கையில் பேனா.

“ஒண்ணாவது, தனி அறை,” என்றாள். “சம்மதம்.”

பேனாவால் ஒரு கோடு போட்டாள். எந்த அறை என்று கேட்டேன். வரிசையாகப் போவோம் என்றாள். அதுவும் என் கோட்பாடு.

“ரெண்டாவது, ரெண்டு கதவு. சம்மதம். மூணாவது, மேல ஃபேன் இருக்கக் கூடாது. நம்ம வீட்டுல ஃபேன் இல்லாத ரூம் எது, கெவின் அப்பா?”

ஹபீப் மரியாதைக்காகக் கூரையைப் பார்த்தார்.

வீட்டில் விசிறி இல்லாத அறை ஒன்றுதான். என் அலுவலகம். முப்பத்தெட்டு வருஷத்துத் துண்டுப் பிரசுரங்களும், சுவரொட்டிகளும், வாழ்த்து மடல்களும் இருக்கிற அறை. நான் உரைகளைத் தயார் செய்கிற அறை.

“நோட்டீஸ் எல்லாம் பறக்குதுன்னு நீங்கதானே கழட்டுனீங்க,” என்றாள் ஆறுதலாக.

அந்த அறைக்குக் கதவு ஒன்றுதான் இருக்கிறது, இரண்டாவது கோரிக்கை அடிபட்டது, ஆகவே பதினொன்றாவது அமலுக்கு வருகிறது என்று சொன்னேன். குரலில் கொஞ்சம் வெற்றி இருந்திருக்கும்.

“உங்க ரூமுக்கு முன்னால நடை இருக்கு. நடை வாயில ஒரு கம்பிக் கதவு போட்டா ரெண்டு கதவாச்சு. நடுவுல ஆள் நிக்க எடமும் ஆச்சு.”

“அந்த மாதிரிதான் எங்க மாடியிலயும்,” என்றார் ஹபீப் மெதுவாக. ஃபிளோரா கேட்பதற்காகக் குனிந்தாள்.

நான்காவது கூண்டின் உயரம். சம்மதம். ஐந்தாவதுக்கு வந்தபோது அவள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். பேருரை, முழக்கம் கூடாது. சம்மதம். ஆறாவது, நாயைத் தொட்ட கையைக் கழுவாமல் பறவையைத் தொடக் கூடாது. சம்மதம். ஏழாவது, புகை. வீட்டில் பீடி குடிக்கிறது ஒரே ஒரு ஆள்தான், அந்த ஆளே எழுதிக் கொடுத்திருக்கிறார், அதனால் அதில் பேச என்ன இருக்கிறது என்றாள். எட்டாவது ஜன்னலுக்கு வலை. அது ஏற்கெனவே இருக்கிறது, என் பிரசுரங்களைப் புறாக்கள் அசிங்கம் பண்ணாமல் இருக்க நான் அடித்த வலை.

“ஒன்பதாவது, பொறுப்பான ஒரு ஆள் வாசல்ல நிக்கணும். நான் கூண்டுகிட்ட இருப்பேன். கெவின் மஸ்கட்ல. பொறுப்பான ஆளுக்கு எங்க போவேன், பாய்?”

“அண்ணாச்சியை விடப் பொறுப்பான ஆளு இந்த ஊர்ல யாரு இருக்கா,” என்றார் ஹபீப்.

இதை அவர் மனதாரத்தான் சொன்னார். அதுதான் வேதனை. சுடலைராஜ் செயலாளரான பிறகு என்னைப் பொறுப்பான ஆள் என்று ஒருவர் சொல்லி நான் கேட்பது அதுதான் முதல் தடவை. என்னையும் அறியாமல் தலையை ஆட்டிவிட்டேன். கோடு விழுந்துவிட்டது.

“பத்தாவது, நாய்களைக் கட்டக் கூடாது. பாவம், எதுக்குக் கட்டணும். பறவை அங்கன போயிட்டுன்னா ரெண்டும் ஹால்ல ஃபேனுக்குக் கீழ படுத்துக்கெடக்கும். சம்மதம். பதினொண்ணாவதுக்கு வேலையே இல்ல.”

பேனாவை மூடி என்னிடம் நீட்டினாள். கையெழுத்து.

நான் நிலைமையை எடைபோட்டேன். பேச்சுவார்த்தை என்பது விட்டுக்கொடுப்பது. ஆகவே பெருந்தன்மையோடு மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று அறிவித்தேன். அறையில் விசிறி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பறவைகளும் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும்.

ஃபிளோரா கண்ணாடியைக் கழற்றினாள். அவள் கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு எப்போதும் பயம்.

“போன பேச்சுவார்த்தையில சுடலைராஜ் ஒரே ஒரு கோரிக்கையை வாபஸ் வாங்குனான். அதுக்கு நீங்க அவனை என்னன்னு எழுதுனீங்க?”

எனக்கு ஞாபகம் இல்லை என்றேன்.

“மஞ்சக் கலர் நோட்டீஸ், அண்ணாச்சி,” என்றார் ஹபீப், உதவி செய்கிற முகத்தோடு. “எனக்கு ரெண்டு குடுத்தீங்க. ஒண்ணு இன்னும் வீட்டுல இருக்கு.”

அதில் என்ன எழுதியிருந்தேன் என்று எனக்கு வரிக்கு வரி தெரியும். யார் சார்பில் கோரிக்கை வைத்தோமோ அவர்களைக் கேட்காமல் அதைத் திரும்பப் பெறுகிறவன் தலைவன் இல்லை, துரோகி. துரோகி என்ற வார்த்தையை மூன்று இடத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். ஊர் முழுக்க ஒட்டினேன். அவன் வீட்டுச் சுவரில் இரண்டு ஒட்டினேன்.

“பறவைங்க சார்பில்னு எழுதியிருக்கீங்க,” என்றாள் ஃபிளோரா. “அதுங்ககிட்டக் கேட்டுட்டு வாபஸ் வாங்குங்க. நான் ஒண்ணும் சொல்லல.”

துரை அவள் தோளிலிருந்து என்னைப் பார்த்தது. கொண்டையைத் தூக்கியது. நான் முப்பத்தெட்டு வருஷம் எதிர் நாற்காலியில் பார்த்த அதே பார்வை. நிர்வாகத்தின் பார்வை.

கையெழுத்துப் போட்டேன். என் வழக்கப்படி, தெளிவாக, தேதியோடு. அடுத்து ஃபிளோரா. சாட்சியாக ஹபீப், அவர் கையெழுத்துகூட மெதுவாகப் போடுகிறவர். என் வாழ்நாளில் வைத்த கோரிக்கைகள் அத்தனையையும் ஒரு மணி நேரத்துக்குள், ஒரு எழுத்துக் குறையாமல், வேலைநிறுத்தம் இல்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே நிர்வாகம் இதுதான். இந்தச் செய்தியை நான் சங்கத்துக்குச் சொல்லவில்லை.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. கம்பிக் கதவு. வெல்டிங் பட்டறைக்காரர்களை எனக்குத் தெரியும். இன்று கேட்டால் அடுத்த வாரம் அளவெடுப்பான். அதற்கடுத்த வாரம் கம்பி இல்லை என்பான். அடுத்த மாதம் கரண்ட் இல்லை என்பான். மூன்று மாதம் நிச்சயம். மூன்று மாதத்தில் எத்தனையோ நடக்கும். சர்க்கார்களே கவிழ்ந்திருக்கின்றன.

அந்த அவகாசத்தில் என்னென்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டு வெளியே போய் ஒரு பீடி குடித்தேன். இனிமேல் அதை வெளியேதான் குடிக்க வேண்டும். பாதி குடிக்கும்போது ஹபீப் வீட்டுப் படிக்கட்டில் கனமான ஏதோ ஒன்று இறங்கி வருகிற சத்தம் கேட்டது. ஒரு முனையில் ஹபீப். மறுமுனையில் பக்கத்துப் பட்டறைக்காரன். நடுவில் ஒரு கம்பிக் கதவு, சட்டத்தோடு.

அவர்கள் என்னைக் கடந்து உள்ளே போனார்கள். மறியல் வாசலில் குறுக்கே படுத்திருந்தது. ஃபிளோரா ஒரு மீன் தலையைக் காட்டினாள். மறியல் எழுந்து வழி விட்டது. என் ஆயுளில் அது வழி விட்டு நான் பார்த்தது அன்றுதான்.

எங்கள் நடை வாசல் ஒரு கோணல் வாசல். கட்டிய கொத்தனார் நம் இயக்கத்து ஆதரவாளர் என்பதால் அப்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. மேலே மூன்று விரல் அகலம் ஜாஸ்தி, கீழே குறுகல், இடது ஓரத்தில் ஒரு வயிறு வேறு. இதில் எந்தக் கதவும் பொருந்தாது என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பட்டறைக்காரன் கதவைத் தூக்கி நிறுத்தினான். மேலே மூன்று விரல் அகலம். கீழே குறுகல். இடது ஓரத்து வயிற்றுக்குக்கூட ஒரு வளைவு. உறைக்குள் கத்தி போகிறதுபோல உட்கார்ந்துகொண்டது. நாலு ஆணி. திறந்தான். மூடினான். சத்தமே இல்லை. எண்ணெய்கூடப் போட்டிருந்தார்கள்.

அதற்குள் ஃபிளோரா என் பிரசுரக் கட்டுகளைப் பரணுக்கு ஏற்றிவிட்டு, கூண்டை என் ஜன்னலில் மாட்டிக்கொண்டிருந்தாள். துரை புது இடத்தைப் பார்த்து ஒரு சீட்டி அடித்தது. நான் கதவுக்கு இந்தப் பக்கம், இரண்டு நாய்களோடு.

“ஹபீப்,” என்றேன். “இந்தக் கோணலுக்கு எப்பம் வே அளவு எடுத்தீரு?”

“நான் எங்க எடுத்தேன், அண்ணாச்சி. அக்காதான் நூல் புடிச்சு எடுத்துக் குடுத்தாங்க. போன மாசம்.”

நான் கோரிக்கைகளை எழுதி இன்னும் முழுசாக மூன்று நாள் ஆகவில்லை.

ஃபிளோராவைப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை. கொக்கியில் கூண்டு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“கதவு வந்து மூணு வாரமாச்சு, கெவின் அப்பா. நீங்க எழுதத்தான் இம்புட்டு நாளாயிட்டு.”